‘வெளியே போடா’ என்பதற்கு முன்: புது ஆசிரியர்களுக்கு

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் பாஸ் செய்து, நியமனத் தேர்வும் எழுதி, கவுன்சிலிங்கில் ஊரைத் தேர்ந்தெடுத்து, ஒருவழியாக ஆர்டரை வாங்கிக்கொண்டு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பி.எட். படிக்கும்போது பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம்தான். ஆனால் மூன்றாம் நாள் நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நொடியில் பின் பெஞ்சிலிருந்து ஒரு விசில் வரும் பாருங்கள், அப்போது அவர்கள் இருவருமே வந்து காப்பாற்ற மாட்டார்கள்.

எனக்கு அந்த விசில் வந்தது 2022-இல், வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் ஆன பிறகு. ஆங்கிலப் பாடவேளை. அந்தப் பையனை இங்கே விசில் என்றே வைத்துக்கொள்வோம். நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: முதல் நாள் முறைத்தேன், இரண்டாம் நாள் கத்தினேன், மூன்றாம் நாளிலிருந்து ‘வெளியே போடா’. போய் வராண்டாவில் நிற்பான். அங்கே வேப்பமர நிழல், காற்று, சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை, தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகளோடு கண்ஜாடைப் பேச்சு. கிட்டத்தட்ட மூன்று மாதம் இப்படியே ஓடியது. தண்டனை கொடுக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் தினமும் என்னிடம் லீவு வாங்கிக்கொண்டிருந்தான்.

அது எனக்குப் புரிய ஒரு நாற்பது பக்க நோட்டும் ஐந்து நாளும் போதுமானதாக இருந்தன. அந்த மூன்று மாதத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடி என்ற பேச்சே வேண்டாம்

இதை முதலில் முடித்துவிடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003-இல், கல்வி விதிகளில் 51-ஆம் விதியைத் திருத்தி அடிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. மன உளைச்சல் என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரம்பை ஒளித்து வைத்துவிட்டு ‘நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று சொன்னாலும், முட்டி போட வைத்தாலும், அக்காவோடு ஒப்பிட்டு நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினாலும் அதுவும் இதற்குள்தான் வரும்.

ஆனால் பெற்றோரே வந்து, ‘கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிடுங்க சார்’ என்பார்கள். சிரித்து வையுங்கள், உரிமம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடியால் வேலையும் நடப்பதில்லை. பிரம்புக்குப் பயந்து உங்கள் பீரியடில் உம்மென்று இருக்கிறவன், பிரம்பு இல்லாத அடுத்த பீரியடில் அந்தக் கணக்கையும் சேர்த்துத் தீர்ப்பான், அது பாவம் தமிழம்மா தலையில் விடியும்.

ஒரு வாரம் எழுதுங்கள், அவ்வளவுதான்

உங்களை அதிகம் படுத்துகிற ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரை ஒன்றாக எடுத்தால் நோட்டும் நடக்காது, பாடமும் நடக்காது. பக்கத்தை நாலு கட்டமாகக் கோடு போட்டு, நேரம், அதற்குச் சற்று முன்னால் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் என்ன செய்தான், செய்த உடனே என்ன நடந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறப்புக் கல்வி படித்தவர்கள் இதன் கடைசி மூன்று கட்டத்தை ஏ-பி-சி என்பார்கள். பெயர் எதுவானாலும் சரி, எழுதுவதுதான் முக்கியம், அதுவும் அன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, இல்லாவிட்டால் நம் கோபம் அதில் கலந்துவிடும்.

‘அடங்கவே மாட்டேன் என்கிறான்’, ‘திமிர்’ என்றெல்லாம் எழுதினால் அந்த நோட்டு எதற்கும் உதவாது. என்னுடைய நோட்டில் இருந்த ஒரு வரி: ‘10.50. வரிசையாக எழுந்து வாசிப்பு, மூன்றாம் பெஞ்சு. விசில் இரண்டு தடவை. வெளியே அனுப்பினேன்.’ இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

ஐந்து நாளில் ஏழு விசில். அதில் ஆறு, வாசிப்பு அவன் பெஞ்சை நெருங்கும்போது, அவன் முறைக்கு இரண்டு பேர் முன்னால் வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில் ‘வெளியே அனுப்பினேன்’. அதை நான்தான் எழுதியிருந்தேன், ஆனாலும் வரிசையாகக் கண்ணில் பட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் கணக்கு சாரிடம் கேட்டேன். ‘அவனா? மனக்கணக்குல புலி சார் அவன், என் பீரியட்ல ஒரு தொந்தரவும் இல்லையே’ என்றார். உங்கள் நோட்டு உங்கள் பாடவேளையை மட்டும்தான் காட்டும், ஆகவே மற்ற ஆசிரியர்களிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் ‘இவன் எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் பழங்கதைதான் கிடைக்கும். ‘உங்க பீரியட்ல எப்போ ஆரம்பிக்கிறான், எப்போ சும்மா இருக்கான்?’ என்று கேளுங்கள்.

அவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

நோட்டை வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். ‘ஏன்டா இப்படிப் பண்றே?’ என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை, பதில் அவனுக்கே தெரியாது. தலையைக் குனிவான், இல்லாவிட்டால் ‘சும்மா சார்’ என்பான். கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பதில் இருக்கும்.

அதிகம் பார்ப்பது தப்பித்தல்தான். வாசிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, எழுந்து நின்றால் நாற்பது பேர் சிரிப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ‘படிக்கத் தெரியாதவன்’ என்ற பெயரைவிட ‘ரவுடி’ என்ற பெயர் எவ்வளவோ மேல். இது புரிந்துவிட்டால் பின் பெஞ்சுச் சேட்டையில் பாதிக்கு விளக்கம் கிடைத்துவிடும். விசிலை மதிய இடைவேளையில் உட்கார வைத்து, இரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை, அட்டையை மடித்து மறைத்து, முன்னால் வைத்தேன். எழுத்துகள் தெரிந்தன, சேர்த்து வாசிக்க வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி ஒன்று முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. ஐந்தாம் வகுப்பு முழுசாகவும் ஆறாம் வகுப்பின் முதல் சில மாதங்களும் அவனுக்கு வகுப்பறையே இல்லை. அவன் வீட்டில் இருந்த ஒரே செல்போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

அடுத்தது, கவனம். நாம் கத்தினால்கூட அது கவனம்தான். நாள் முழுக்க ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைக்கு, ‘டேய்!’ என்று ஆசிரியர் அலறுவதும் வகுப்பே திரும்பிப் பார்ப்பதும் பெரிய விருந்து. சிலருக்குப் பொருளோ இடமோ வேண்டும்: ஜன்னலோர இடம், நண்பன் பக்கத்தில் உட்காருவது, முதல் ஆளாகத் தட்டோடு வரிசையில் நிற்பது. இன்னும் சிலருக்கு உடம்பு சும்மா இருக்காது, காலை ஆட்ட வேண்டும், பேனா மூடியைக் கடிக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும். இந்தக் கடைசி வகையைக் கெட்ட பிள்ளைகள் கணக்கில் சேர்க்காதீர்கள். கரும்பலகை துடைப்பது, ரெக்கார்டு நோட்டை ஆபீஸ் ரூமில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை என்று ஆக்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும்.

வயிறு, கண், காது, தூக்கம்

மனோதத்துவத்துக்குள் போவதற்கு முன்னால், காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு என்று தொடங்கியது. அதே வளாகத்தில் தங்கச்சி உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஏழாம் வகுப்பு அண்ணன் டீத்தண்ணியோடு வந்திருப்பான். பதினொன்றரை மணிக்குக் கிளம்புகிற சண்டைகளை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறவனை முன் பெஞ்சில் போட்டுவிட்டு, பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் அவன் பெயரைத் தனியாகச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி கிடைக்கிறது, ஆனால் யாராவது எழுதிக் கொடுத்தால்தானே. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கலாம். தூங்கி விழுகிறவன் ராத்திரி என்ன செய்கிறான் என்று விசாரித்தால் சில சமயம் செல்போன் கேம் என்று வரும், சில சமயம் அப்பா குடித்துவிட்டு வந்து வீடு இரண்டுபட்டது என்று வரும். இரண்டுக்கும் ஒரே திட்டு போடாதீர்கள்.

அப்புறம், பையனை விட்டுவிட்டு வகுப்பை மாற்றுங்கள்

காரணம் தப்பித்தல் என்று தெரிந்ததும் நான் மாற்றியது என் பாடம் நடத்தும் முறையைத்தான். வரிசையாக எழுந்து வாசிக்கும் வழக்கத்தையே நிறுத்தினேன். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து மெல்லிய குரலில் வாசிப்பது, பிறகு எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. தனியாக யார் வாசிக்கப் போகிறார், எந்த இரண்டு வரி என்பதை முந்தின நாளே காதில் போட்டுவிடுவேன். விசிலுக்கு முதல் தடவை கொடுத்தது நான்கே சொற்கள் கொண்ட ஒரு வரி. பத்து நிமிடம் முன்பே வராண்டாவில் என்னோடு அதைப் பழகியிருந்தான். (வராண்டா அப்படியாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.)

1970-ஐ ஒட்டி ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒழுங்காக நடக்கிற வகுப்பையும் ரகளையான வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சேட்டை நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நடப்பதற்கு முன்னால் வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. நமக்கு இதன் பொருள் எளிது. பத்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் எழுதாதீர்கள். பாதி எழுதுங்கள், திரும்புங்கள், பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு நடை போங்கள், கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றே இரண்டு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்டதும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடியாவது பொறுத்தவர்களின் வகுப்பில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள், அதட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. காசு செலவில்லாத வேலை இது.

வகுப்புத் தலைவனை விட்டுப் பலகையில் ‘பேசியவர்கள்’ பட்டியல் எழுத வைக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லீடருக்குப் பிடிக்காதவன் பெயர்தான் முதலில் வரும், பெயரை அழிக்க மிட்டாய் லஞ்சம்கூட நடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நொடியில் என்ன பேசுவது?

எவ்வளவு மாற்றினாலும் விசில் வரத்தான் செய்யும். வந்தால் பாடத்தை நிறுத்தாதீர்கள். பேசிக்கொண்டே அவன் பக்கம் நடந்துபோய் நில்லுங்கள். பாதித் தடவை அதுவே போதும். போதாவிட்டால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், ‘தம்பி, மூணாவது கேள்வி மட்டும் போடு, நான் இப்ப வரேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நகர்வது ரொம்ப முக்கியம். தலைக்கு மேலேயே நின்றால் அவன் கூட்டாளிகள் முன்னால் பணிந்துபோக வேண்டியிருக்கும், அதற்கு எந்த ஏழாம் வகுப்புப் பையனும் சம்மதிக்க மாட்டான். நாம் முதுகைத் திருப்பியதும் முணுமுணுத்துக்கொண்டே நோட்டைத் திறப்பான். அந்த முணுமுணுப்பு உங்கள் காதில் விழக் கூடாது, விழுந்தாலும் விழாத மாதிரி போங்கள்.

எதிர்த்துப் பேசினால்? ‘செய்ய முடியாது போங்க’ என்றால்? ‘சரி, இங்கயே உட்கார்ந்து செய்யறியா, இல்ல முன்னாடி என் மேஜைகிட்ட வந்து செய்யறியா, யோசிச்சுச் சொல்லு’ என்று இரண்டு வழி கொடுத்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். இரண்டுமே நமக்குச் சம்மதமான வழிகளாக இருக்க வேண்டும். ‘வெளியே போறியா, ஹெச்.எம்.மைக் கூப்பிடவா’ என்று நிறைவேற்ற முடியாத மிரட்டலைச் சொல்லிவிட்டு அவர் மீட்டிங் போயிருக்கிறார் என்று தெரிந்தால் உங்கள் கதை அன்றோடு முடிந்தது.

நல்லதாக நடக்கும்போது வாய் திறப்பதுதான் நமக்கு வராத பழக்கம். ‘குட் பாய்’ என்று பொதுவாகச் சொன்னால் அவனுக்கே நம்பிக்கை வராது. ‘இன்னிக்கு இருபது நிமிஷம் எழுந்திருக்காம எழுதினே, பார்த்தேன்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள், அதையும் தனியாக.

இதில் புதியவர்கள் தவறாமல் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கவனத்துக்காகச் செய்கிறவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால், முதல் சில நாள் சேட்டை கூடும். இதுவரை ஒரு விசிலுக்குக் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால் மூன்று விசில் அடித்துப் பார்ப்பான், பெஞ்சைத் தட்டிப் பார்ப்பான். ‘இதெல்லாம் புத்தகத்துக்குத்தான் சரி’ என்று நாலாம் நாள் நீங்கள் கத்திவிட்டால், மூன்று விசில்தான் விலை என்று அவன் கற்றுக்கொள்வான். இரண்டு வாரமாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். ஆனால் அடுத்தவருக்கு அடிபடும் காரியத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது கிடையாது, அதை உடனே நிறுத்த வேண்டும்.

சண்டை வந்தால்

இரண்டு பேர் கட்டிப் புரண்டால், முதலில் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட ஒரு பிள்ளையை ஓடச் சொல்லுங்கள், மற்றவர்களை விலகி உட்கார வையுங்கள். பார்வையாளர் இல்லாவிட்டால் சண்டைக்குச் சூடு குறையும். பிரித்த பிறகு உடனே விசாரணை வேண்டாம். தண்ணீர் குடிக்க வைத்து, வேறு வேறு இடத்தில் உட்கார வைத்து, அரை மணி கழித்துத் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேட்கும்போது ‘என்ன சொல்லித் திட்டினான்?’ என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சாதிப் பெயர் வந்தால் அதைச் சின்னப் பிள்ளைச் சண்டை என்று மூடி மறைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்த மாணவர்கள்தான். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்று சொன்னது சும்மா இல்லை. வகுப்பில் யார் யார் எந்த நிறக் கயிறு, யார் யாரோடு உட்காருவதில்லை, யார் பாட்டிலில் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நீங்கள் பார்த்து வைத்திருக்க வேண்டும். இதைத் தனி ஆளாகத் தீர்க்க முயலாமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். மிரட்டப்பட்ட பையனைப் பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்தி ‘கை குலுக்குங்கடா’ என்று முடித்துவைப்பது நமக்கு நிம்மதி தரும், அவனுக்குத் தராது.

வீட்டுக்குப் போன்

முதல் போன் கம்ப்ளெயின்டாக இருக்கக் கூடாது. ஜூன் மாதத்திலேயே, ஒன்றும் நடக்காதபோதே, ‘உங்க பையன் மனக்கணக்கு நல்லாப் போடறான்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பள்ளியிலிருந்து போன் என்றால் திட்டுதான் என்று பழகிப்போன அம்மா ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். விசிலின் அப்பா திருப்பூரில், அம்மா நூறு நாள் வேலை, பார்த்துக்கொள்வது பாட்டி. பாட்டியைக் கூப்பிட்டு ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்றா கேட்க முடியும்? ராத்திரி ஒன்பதரைக்குள் படுக்க வைக்க மட்டும் கேட்டேன், அதைச் செய்தார். வீட்டால் முடிகிற ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் சொல்வதைக் கேட்டு வீட்டில் பெல்ட்டை எடுக்கிற அப்பா என்றால் அவரிடம் புகாரே போகக் கூடாது.

நம் கையை மீறியவை

நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் நோட்டு, பெஞ்சு மாற்றமெல்லாம் பிறகு. சிரித்துக்கொண்டிருந்த பெண் பேச்சை நிறுத்தினாலோ, யாராவது பக்கத்தில் வந்தால் உடம்பு ஒடுங்கினாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, வீட்டுக்குப் போகத் தயங்கினாலோ தனியாக, அமைதியாகக் கேளுங்கள், துருவாதீர்கள். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், ஏனென்றால் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், மறைப்பதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் வகுப்பில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். சத்தம் போடுகிறவனையே கவனித்துக்கொண்டு, சத்தமே போடாமல் வாடிப்போகிறவளைத் தவறவிடுவது நம் எல்லோருக்கும் நடக்கிற தப்பு.

எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதுவது, ஒரு நொடிகூட உட்கார முடியாமல் தவிப்பது, கண்ணைப் பார்த்துப் பேசாதது மாதிரியானவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் வட்டார வள மையத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘இவனுக்கு ஆட்டிசம்’, ‘இவளுக்கு அது’ என்று யூடியூப் பார்த்து நாமே பெயர் சூட்டுவது வேண்டாம். குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வருகின்றன, முறையான சான்று இருந்தால்தான் தேர்வுச் சலுகை எல்லாம் கிடைக்கும்.

விசில் இப்போது பத்தாவது முடித்துவிட்டான். அந்த ஆண்டு முடிவில் மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தைத் திக்கித் திக்கி வாசித்தான், அதற்கு மேல் என்னால் கொண்டுபோக முடியவில்லை. விசில் அடிப்பது முழுதாக நிற்கவும் இல்லை, வாரம் ஒன்றாகக் குறைந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீங்கள் சி.எல். போடுகிற நாளுக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளையிடம், ‘நாளைக்கு நான் வர மாட்டேன், உங்க வகுப்புக்குத் தமிழம்மா வருவாங்க, இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சு வை, வந்து பார்க்கறேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், தமிழம்மாவிடமும் நோட்டைக் காட்டிவிட்டுப் போங்கள். நான் ஒரு தடவை சொல்லாமல் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், மூன்று வாரம் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போயிருந்தது, ஜன்னல் கண்ணாடி ஒன்றும் சேர்த்து.